கடைசி அத்தியாயத்தை மீட்டவன்

கணினி கிளம்பவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் இருப்பவர்களை அதன் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துவது. ஒருவர் பெட்டியைத் தட்டுவார். ஒருவர் பிளக்கைப் பிடுங்கி முந்தானையால் துடைத்து மறுபடி செருகுவார். இன்னொருவர் கையில் அகப்பட்ட பொத்தானையெல்லாம் அழுத்திவிட்டு, "நான் ஒண்ணுமே பண்ணல" என்பார். ஒன்றாக இருந்த கோளாறு மூன்றாகிவிடும். அதனால்தான் நான் எப்போதும், "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். இதில் ஒளிவுமறைவு ஏதும் கிடையாது. வேலை நடக்கிற இடத்தில் கூட்டம் கூடாது, அவ்வளவுதான்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் இல்லை. எழுதிப் பார்த்தால் அவர்களுக்கே புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையில் எனக்கு வேலை. சொட்டுகிற குழாயைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் நான் அங்கே கற்றது ஒன்றே ஒன்று: பொருளைப் பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்லிவிடக் கூடாது. கையில் வாங்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். உதட்டைப் பிதுக்க வேண்டும். வாஷர் தேய்ந்திருக்கிறது என்பது பார்த்ததுமே தெரியும். ஆனால் உடனே சொன்னால், "இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னால், அடுத்த முறை என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

கல்யாணமானதிலிருந்து மாமியார் வீட்டில்தான் இருக்கிறோம். அத்தை என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. வாய் நிறைய "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே ஒரு வேலை வரும். "மாப்பிள்ளை, சிலிண்டரை மாத்திடுங்க." "மாப்பிள்ளை, மேல ஒட்டடை தொங்குது பாருங்க." இளைய மாப்பிள்ளை, அதாவது என் சகலை, வெளியூரில் ஒரு பெரிய கம்பெனியில் சாப்ட்வேர் எழுதுகிறார். விடுமுறைக்கு வந்தால் அவரையும் அத்தை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அதற்குப் பின்னால் காபி வரும். அதுவும் பீரோவின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருக்கும் தங்க விளிம்பு போட்ட கோப்பையில். அவர் ஊருக்குப் போனதும் கோப்பையைக் கழுவித் துடைத்து மேலே வைப்பது என் வேலை.

இதையெல்லாம் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. வீட்டின் அமைப்பு தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

அத்தை ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மருந்தில் எத்தனை சொட்டு ஆளைக் காப்பாற்றும், எத்தனை சொட்டு ஆளைத் தூக்கும் என்று அவருக்கு அத்துபடி. ஓய்வு பெற்ற கையோடு ஒரு கொலைக் கதை எழுத உட்கார்ந்தார். பொழுதுபோக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்த ஒரு பதிப்பாளர், முழுவதையும் முடித்து அனுப்புங்கள், புத்தகமாகப் போடுகிறேன் என்று சொன்னதும் வீட்டின் நிலவரமே மாறிவிட்டது. காலைச் சாப்பாடு ஆனதும் அத்தை தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினி முன்னால் உட்காருவார். மிக்சி போடக் கூடாது. "என்னமா, இன்னிக்கு யாரு செத்தாங்க?" என்று என் மனைவி கேட்டால், "பொறுடி, ஒவ்வொருத்தராத்தான் சாவாங்க" என்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த மூன்று அத்தியாயங்களை அச்செடுத்து வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். கணினியின் முன்பக்க ஓட்டைகள் இரண்டும் எப்போதோ உடைந்துபோயிருந்தன. அதனால் பென் டிரைவைப் பின்பக்கம் செருகித்தான் பிரதி எடுப்பேன். நகக்கண் அளவே இருக்கும் பென் டிரைவ் அது. ஒருநாள் அச்சுக் கடையிலிருந்து வந்து, திருத்தங்களைச் சேர்க்க மறுபடி செருகியவன், எடுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை கணினி கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், இயங்குவதற்கான சிஸ்டத்தைக் காணோம் என்று ஒரே ஒரு வரி.

"போச்சா? எல்லாம் போச்சா?" என்று அத்தை தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, மசமசன்னு நிக்காம ஏதாவது பண்ணுங்க" என்றாள் என் மனைவி.

எனக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது. குழாயைப் பார்ப்பது போலப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினேன். எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பின்பக்கத் தூசியைத் தட்டினேன். பென் டிரைவ் கண்ணில் பட்டது. அட, இங்கேயா இருக்கிறது என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சும்மா ஒரு தடவை பொத்தானை அழுத்தினேன். கணினி கிளம்பிவிட்டது.

கதவைத் திறந்தபோது என்னைப் பார்த்த முகங்களை என்னால் மறக்க முடியாது. அத்தை நேராகப் பீரோவிடம் போனார். மேல்தட்டை எட்டினார். துணியைப் பிரித்தார்.

அந்தக் கோப்பையில் காபி சூடு ஆறாமல் இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

காரணத்தைப் பிற்பாடு அச்சுக் கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சில பழைய கணினிகள் கிளம்பும்போது முதலில் பென் டிரைவில்தான் சிஸ்டத்தைத் தேடுமாம். அதில் இல்லையென்றால் அங்கேயே மலைத்து நின்றுவிடுமாம். எடுத்துவிட்டால் சரியாகப் போகும். பழுது என்று ஒன்றுமே இல்லை.

ஆக, யாருக்கும் எந்தச் சேதமும் இல்லாத ஒரு காரியம். அதை மறுபடி செய்வதில் என்ன தவறு என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. மருந்தைப் போல அளவோடுதான் பயன்படுத்தினேன். ஒரு தடவை, விருந்தாளி ஒருவரிடம் அத்தை, "சின்னவர் பெரிய கம்பெனியில இருக்கார். பெரியவர்... கடையில" என்று குரலை இறக்கினார். மறுநாள் கணினி கிளம்பவில்லை. இன்னொரு தடவை என் பிறந்தநாளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்போதும் கிளம்பவில்லை. நான் போய்க் கதவைச் சாத்துவேன். பெட்டியைத் திறந்து, மெமரி கார்டைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவேன். அதற்கு அவசியம் இல்லைதான். ஆனால் வேலை நடந்ததற்கு ஓர் அடையாளம் வேண்டும். பாயில் ரப்பர் துகள்கள் கிடந்தால் அத்தையே பெருக்குவார், என்னைப் பெருக்கச் சொல்ல மாட்டார்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். செருகும் ஒவ்வொரு தடவையும் அத்தை புதிதாக எழுதியதைப் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுப்பு உண்டு.

அடுத்த விடுமுறைக்குக் கொழுந்தியாளோடு சகலை வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பையும் அவர் கைக்குப் போனது. அதிலெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. சாப்பிடும்போது அத்தை சொன்னார்: "மாப்பிள்ளை, இந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்குது. தெரிஞ்சவங்க பாத்தா நல்லது. நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

நான் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "தெரிஞ்சவங்க" என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. சரி, தெரிந்தவர் பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். எந்த மருந்தும் தெரிந்தவர் கையால் கொடுத்தால்தானே கேட்கும்.

மறுநாள் காலை சகலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்புத் திரை. அதே வெள்ளை வரி. நான் மட்டும் கூட இருந்தேன்.

"அண்ணே, இது இப்படி நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் மெதுவாக.

"ரப்பர் போட்டுத் தேய்ப்பேன்."

"ரப்பரா?" என்று சிரித்தார். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்றேன், வெளிய சொல்லிடாதீங்க. நாங்க சாப்ட்வேர் எழுதுறவங்க. இந்தப் பெட்டி நின்னுபோச்சுன்னா ஆபீஸ்ல வேற ஆள் வந்து பாப்பாரு. எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது."

நல்ல மனிதர். எனக்கு அவரிடம் எப்போதும் மதிப்பு உண்டு.

நண்பர் ஒருவருக்கு போன் போட்டார். சிஸ்டம் கெட்டுப்போயிருக்கும், புதிதாகப் போட்டுவிடு என்று அந்த நண்பர் சொன்னார். சகலை தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, பெட்டியின் பின்னால் கையைவிட்டு, பார்க்காமல் தடவித் தடவியே செருகினார். என்னுடையது அடுத்த ஓட்டையில் இருந்தது. எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கணினி ஒரு பட்டியல் காட்டியது. அதில் என் பென் டிரைவின் பெயரும் தெரிந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கொஞ்ச நேரத்தில், இதில் உள்ள எல்லாமே அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சகலை விரலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அத்தையோட கதைக்கு காப்பி இருக்குமில்ல? நீங்க எடுத்து வச்சிருப்பீங்கதானே?"

"உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

இந்த இரண்டு சொற்களில் பொய் என்று யாரும் எதையும் காட்ட முடியாது. அவர் அழுத்தினார்.

வேலை முடியும் நேரத்தில் அவர் முகம் கழுவப் போனார், நான் என்னுடையதை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். கணினி அருமையாகக் கிளம்பியது. திரையில் மலையும் ஏரியும் உள்ள ஒரு படம், வேறொன்றும் இல்லை. வாசலில் நின்றுகொண்டிருந்த அத்தை சந்தோஷமாக உள்ளே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மலையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். "என் கதை எங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

சகலை திரையில் ஒவ்வொரு மூலையாகத் தேடினார். கொழுந்தியாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இங்க வந்தும் உங்க பெருமையைக் காட்டணுமா? பேசாம அத்தானையே பாக்க விட்டிருக்கலாம்ல?" அத்தை யாரையும் திட்டவில்லை. எழுந்து போய் அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றார். சகலை கொல்லைப் படியில் உட்கார்ந்து, அந்த வயதில், குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

பென் டிரைவை அன்றைக்கே கொடுத்துவிடத்தான் இருந்தேன். இதை யாரும் நம்புவதில்லை. ஆனால் சாயங்காலம் அத்தை என்னிடம் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மாப்பிள்ளை, உங்களால ஏதாவது முடியுமா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பின்னால் சிலிண்டர் வரவில்லை, ஒட்டடை வரவில்லை.

பழக்க தோஷம், உதட்டைப் பிதுக்கினேன். "பார்க்கலாம் அத்தை. அழிஞ்சது முழுசா அழிஞ்சிடாது. அடியில கிடக்கும். தோண்டணும்."

தோண்ட வேண்டும் என்று சொல்லிவிட்ட பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது எப்படி? மொத்தமாகக் கொடுத்தால், "இதுக்குத்தானா?" என்றாகிவிடும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அத்தியாயமாகத் தோண்டினேன். கதவைச் சாத்திக்கொள்வேன். கொஞ்சம் தூங்குவேன். ரப்பரைத் தேய்ப்பேன். வெளியே வந்து, "ரொம்ப ஆழத்துல இருந்துச்சு" என்று தாளை நீட்டுவேன். கோப்பை என்னுடையதாகவே ஆகிவிட்டது. மேல்தட்டுக்குப் போவதையே விட்டுவிட்டது. சிலிண்டர் போடுபவரையே மாட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். சகலை வாரம் தவறாமல் கூப்பிடுவார். "அண்ணே, இந்த வாரம் ஏதாவது கிடைச்சுதா? அத்தை என்கிட்ட சரியாவே பேச மாட்டேங்கறாங்க. நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று இழுப்பார். "விடுங்க, தெரியாம நடந்ததுதானே" என்பேன். என் மனசு அப்படி.

கொடுப்பதற்கு முன்னால் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதுவரை நான் படித்ததில்லை. பணக்கார விதவை ஒருத்திக்குப் பாலில் யாரோ விஷம் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் தரையோடு வியாபாரி, அதாவது டைல்ஸ் விற்கிறவர். எதைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "பார்க்கலாம்" என்கிறவர். ஆறாம் அத்தியாயத்திலேயே எனக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது.

எனக்கு வருத்தம் இல்லை. கற்பனை வேறு, வாழ்க்கை வேறு என்று தெரியாதவன் அல்ல நான். ஆனால் கதைக்கும் ஒரு நியாயம் வேண்டும். ஏழாம் அத்தியாயத்தில், பால் காய்ச்சும் நேரத்தில் தரையோடு வியாபாரியைக் கடையில் இருக்கவைத்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த இளைய மாப்பிள்ளையை டம்ளர் கழுவவைத்தேன். நம்பும்படி இருக்கட்டும் என்று, பாலில் லேசாக மருந்து வாடை அடித்தது என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

அத்தை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இந்த மருந்துக்கு வாடை அடிக்கும்னா எழுதியிருந்தேன்?"

"கிடைச்சது அப்படியேதான் அத்தை."

"இருக்கும். வயசாகுதுல்ல" என்றார். வேலை பார்த்த காலமெல்லாம் அந்த மருந்தைக் கையால் அளந்து கொடுத்தவர் அவர். அந்தக் குரலை நான் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும். எனக்குக் காபியின் மேல் கண்.

பதிப்பாளர் அவசரப்படுத்த ஆரம்பித்தார். கடைசி ஒன்றைத் தவிர எல்லா அத்தியாயங்களும் மேலே வந்தாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை சொன்னார்: "கடைசி அத்தியாயம் மட்டும் கிடைச்சிட்டா என் தலை தப்பிச்சுது மாப்பிள்ளை. கொலைகாரன் எல்லாத்தையும் அவன் வாயாலயே ஒத்துக்கிற இடம். உயிரைக் கொடுத்து எழுதினேன்."

பென் டிரைவில் தேடினேன். அது இல்லை. நான் கடைசியாகப் பிரதி எடுத்துச் செருகிய பிறகு அன்றிரவே உட்கார்ந்து எழுதியதாக இருக்கும், நிஜமாகவே அழிந்துபோயிருக்கும் என்று புரிந்தது. ஒரு பொத்தானை அழுத்துமுன் நாலு தடவை யோசிக்க வேண்டாமா? முதல் தடவையாகச் சகலை மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது.

அந்த வாரம் முழுக்கக் கடையில் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து நானே எழுதினேன். இளைய மாப்பிள்ளை குற்றத்தை ஒத்துக்கொள்கிறார். கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுகிறார். தரையோடு வியாபாரி அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நம்பகமாக இருக்கட்டும் என்று, நடுவில் சில வரிகளைச் சிதைந்துபோனது போல விட்டுவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சகலையும் கொழுந்தியாளும் வந்திருந்தார்கள். அத்தைதான் வரச் சொல்லியிருந்தார். எனக்கு ஏதோ பாராட்டு என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டேன். அத்தை தாளை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி முழுவதையும் சத்தமாகப் படித்தார். படித்து முடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை."

"நான் மீட்டதுதானே அத்தை. எழுதினது நீங்க."

"இல்லையே" என்றார் அத்தை. "கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் எழுதவே ஆரம்பிக்கல."

சகலை மெல்ல எழுந்து நின்றார். "அண்ணே, அன்னிக்குக் கேட்டேனே. காப்பி இருக்கான்னு உங்க முகத்தைப் பாத்துக் கேட்டேனே."

என் மனைவி எழுந்து வந்தாள். கையை நீட்டினாள். "சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் பையிலேருந்து ஒண்ணை எடுத்து அடுத்த சட்டையில போடுவீங்களே. அதை எடுங்க."

எடுத்து வைத்தேன். கூடவே ரப்பரும் வந்துவிட்டது.

அத்தை பென் டிரைவில் இருந்ததையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டு, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கோப்பை சகலைக்குப் போனது. "ஏங்க" என்று கூப்பிடுவதை என் மனைவி நிறுத்திவிட்டாள். கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். எல்லாம் ஆறிவிடும் என்று நினைக்கிறேன்.

ஆனால் மறுநாள் அத்தையே என்னிடம் வந்தார். "கொலைகாரன் எப்படிப் பேசுவான்னு எனக்குப் பிடிபடவே இல்ல. கோபமாப் பேசவச்சேன், அழவச்சேன், ஒண்ணும் சரியா வரல. நீங்க நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்க. தரையோடு வியாபாரி வாயில அப்படியே போட்டுக்கறேன். விஷத்தை மட்டும் நான் சேத்துக்கறேன்."

புத்தகத்தின் மிக முக்கியமான அத்தியாயத்தை என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார். இளைய மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. பெரிய கம்பெனியிலெல்லாம் இதற்கு ஆள் இல்லை போலிருக்கிறது.

நான் எதையும் அழித்தவன் அல்ல. அழித்தது வேறு விரல். நான் பிரதி எடுத்துவைத்தேன். நான் இல்லையென்றால் அத்தையின் புத்தகமே இன்று இல்லை. இதை அவர்கள் ஒருநாள் உணர்வார்கள்.

காலையில் முதல் வேலையாகப் பதிப்பாளருக்கு முழுப் புத்தகத்தையும் அனுப்ப வேண்டும். அதற்குமேல் ஒருநாளும் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நான் எழுதி முடித்துவிட்டேன். முன்ஜாக்கிரதையாக எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன், முந்தையதைவிடச் சிறியது. வழக்கம்போலப் பின்பக்கம்தான் செருகியிருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும், அதுதான் பத்திரம். காலையில் கணினி கிளம்பவில்லை என்றால் யாரும் பதற வேண்டாம். தெரிந்தவர்கள் யாரையும் தொட விடாதீர்கள். நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன், ஒரு குரல் கொடுத்தால் போதும்.